‘இந்த வயசுல எதுக்கு?’ என்று இனி யாரும் கேட்காதீர்கள்

கண்ணில் புரை விழுந்த அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், “இந்த வயசுல எதுக்குப்பா ஆபரேஷன்? இனிமே பாத்து என்ன ஆகப்போகுது?” என்கிறார். அப்பா ஒரு நல்ல செல்போன் கேட்டால், “உங்களுக்கு இந்த வயசுல எதுக்குப்பா?” என்கிறான் மகன். கணவரை இழந்த அத்தை அரக்கு நிறத்தில் ஒரு புடவை எடுத்தால் தெருவே அதைக் கேட்கிறது. தூக்கம் வரவில்லை, மறதி கூடுகிறது என்று டாக்டரிடம் போனால், “வயசானா அப்படித்தாம்மா” என்று அதே கேள்வியைப் பதிலாக்கிக் கொடுத்து அனுப்புகிறார்.

கேட்பவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அம்மா கேட்கும்போது அது அடக்கமாகத் தெரிகிறது. மகன் கேட்கும்போது அக்கறையாகத் தெரிகிறது. வீட்டுக் கணக்குப் பார்ப்பவர் கேட்கும்போது சிக்கனமாகத் தெரிகிறது. இத்தனை நல்ல வேஷங்கள் இருப்பதால்தான் இதைப் பற்றி உரக்கப் பேச வேண்டியிருக்கிறது. இந்தக் கேள்வி முதியவரின் கண்ணை எடுத்துக்கொள்கிறது, காதை எடுத்துக்கொள்கிறது, வீட்டை எடுத்துக்கொள்கிறது, கேட்பாரில்லாமல் விட்டால் உயிரையும் எடுத்துக்கொள்கிறது. கூட்டிச் சொல்லவில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அவசரம் என்ன என்று கேட்பீர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10 கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் அப்போதே பத்துப் பேரில் ஒருவர் அந்த வயதினர். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான். முதியோர் கூடுகிறார்கள், பார்த்துக்கொள்ளப் பிள்ளைகள் குறைகிறார்கள். நாலு பிள்ளைகள் இருந்த வீட்டில் ஒருவர் முகம் கோணினால் இன்னொருவர் வீடு இருந்தது. ஒற்றைப் பிள்ளை இருக்கும் வீட்டில், அதுவும் அந்தப் பிள்ளை பெங்களூரிலோ துபாயிலோ இருக்கும் வீட்டில், முதியவர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதும், நாம் அவரைப் பற்றி என்ன நினைக்கிறோம் என்பதும் வாழ்வா சாவா என்ற கேள்விகள்.

முதலில் 60ஐத் தொட்டவர்களிடம் பேசுகிறேன்.

நம் சட்டம் 60 வயது நிறைந்த குடிமக்களை மூத்த குடிமக்கள் என்கிறது. வங்கியிலும் வருமான வரிக் கணக்கிலும் அதே வயதுதான். ஆனால் முதல்முதலாகக் கண்டக்டர் “பெரியவரே, அந்த சீட்டுல உக்காருங்க” என்று சொன்ன நாளில் பலருக்கும் முகம் சுருங்கிப்போகிறது. மூத்த குடிமக்கள் இருக்கைக்குப் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருகிறார்கள், உட்கார்ந்தால் கிழவராகிவிடுவோம் என்று பயந்து. வேறு சிலர் அன்றே ஒடுங்கிவிடுகிறார்கள். நல்லது கெட்டதில் கருத்துச் சொல்வதில்லை, வெளியூர்க் கல்யாணத்துக்குப் போவதில்லை, தனக்கென்று ஒரு பொருள் வாங்குவதில்லை. வயதை மறைப்பவரும் வயதுக்குள் ஒடுங்குபவரும் எதிரெதிர்த் துருவங்கள் போலத் தெரியலாம். இருவருக்கும் உள்ளே இருக்கும் நம்பிக்கை ஒன்றுதான்: மூப்பு என்பது மனிதன் மதிப்பிழக்கும் காலம்.

அந்த நம்பிக்கை வெறும் எண்ணமாக நின்றுவிடுவதில்லை, உடம்பில் இறங்குகிறது. அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டு என்ற சிற்றூரில், 50 வயதைக் கடந்த 660 பேரிடம் தங்கள் மூப்பைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று 1975இல் கேட்டுப் பதிவு செய்தார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவியும் உடன் ஆய்வாளர்களும், அவர்கள் எத்தனை காலம் வாழ்ந்தார்கள் என்று பின்னாளில் பார்த்து 2002இல் வெளியிட்டார்கள். மூப்பை நல்லவிதமாக நினைத்தவர்கள், மோசமாக நினைத்தவர்களைவிடச் சராசரியாக ஏழரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். வயது, வசதி, தனிமை, உடல்நிலை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் மறையவில்லை. தன்னைக் கழிவாக நினைப்பவர் மாத்திரையைச் சரியாகப் போடுவதில்லை, நடப்பதில்லை, வலியைச் சொல்வதில்லை. “எனக்கு எதுக்கு” என்று ஒதுக்கிய ஒவ்வொன்றும் ஆயுளில் கழிகிறது.

கண்ணிலிருந்து தொடங்குவோம். புரை விழுந்த ஒரு பெண்மணியை அடுப்படியில் கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். அரிசியில் கல் பொறுக்கும்போது கண்ணை நம்பாமல் விரலால் அளைகிறார். கத்தரிக்காயை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தும் புழு தெரியவில்லை. உப்பு ஜாடியா சர்க்கரை ஜாடியா என்று நாக்கில் வைத்துப் பார்க்கிறார். பொழுது சாய்ந்த பிறகு வாசல்படி இறங்குவதில்லை. எதிரே வருபவர் முகம் தெரியாததால் சிரிப்பதில்லை. சிரிக்காததால் அக்கம்பக்கத்தில் பேச்சுக் குறைகிறது. சாப்பாட்டில் ஒரு நாள் முடி கிடந்ததும் மருமகள் அடுப்படியைத் தன் கைக்கு மாற்றிக்கொள்கிறாள். அதற்குப் பிறகு அவர் மூலையில் உட்கார்ந்திருக்கிறார். “அத்தை முன்ன மாதிரி இல்ல, வயசாயிடுச்சு” என்று வருகிறவர்களிடம் சொல்கிறார்கள். அவருக்கு வந்தது வயதால் வந்த மங்கல்தான். ஆனால் மங்கியது அறிவோ பாசமோ இல்லை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் ஒன்று மங்கியிருக்கிறது. அதை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்க அரை மணி நேரம்கூட ஆகாது. அரசு மருத்துவமனையில் செலவில்லை. முகாமுக்குப் போனால் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுகிறார்கள்.

இந்த வசதி நம் மண்ணுக்கு எப்படி வந்தது தெரியுமா? மதுரையில் அரசு கண் மருத்துவராக இருந்த டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் பணி ஓய்வு பெற்றார். 1918இல் பிறந்தவர். இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து கைவிரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த விரல்களில் கத்தியைப் பிடிக்கப் பழகி ஆயிரக்கணக்கான கண்களுக்கு அறுவை செய்திருந்தார். ஓய்வு பெற்ற அதே ஆண்டு, ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் உள்ளவரிடம் வாங்கி இல்லாதவருக்கு இலவசமாகச் செய்யும் அந்த ஏற்பாடு இன்று உலகம் வந்து பார்த்துப் படிக்கும் ஏற்பாடு. “ரிட்டயர் ஆயாச்சு, வெரலும் சரியில்ல, இந்த வயசுல எதுக்கு?” என்று அவரிடம் கேட்க எல்லாக் காரணமும் இருந்தது. அவர் அந்தக் கேள்விக்குத் தலையாட்டியிருந்தால் தென்தமிழ்நாட்டுக் கிராமங்களில் எத்தனை பாட்டிகள் இருட்டிலேயே செத்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர் கண் கொடுத்தது பெரும்பாலும் வயதானவர்களுக்குத்தான். அந்தக் கண்ணை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வயதைக் காரணமாகச் சொல்லாதீர்கள்.

காதுக்கு வாருங்கள். கண்ணாடி போட வெட்கப்படாதவர்கள் காது மெஷின் போட வெட்கப்படுகிறார்கள். காது கேட்காதவர் பாதிப் பேச்சைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்கிறார், சிறுவர்கள் சிரிக்கிறார்கள், அடுத்த முறை அவர் வாயே திறப்பதில்லை. மூளைக்குப் பேச்சு வந்து சேராமல் இருப்பது நல்லதல்ல. மறதி நோயைத் தள்ளிப்போடவோ தவிர்க்கவோ கைவசம் உள்ள 14 காரணங்களை லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் பட்டியலிட்டது. கேட்கும் திறன் குறைவதும், பார்வைக் குறைவைச் சரிசெய்யாமல் விடுவதும், ஆள்பழக்கம் அற்றுப்போவதும் அதில் இருக்கின்றன. காதைப் பரிசோதிக்காமல் விட்டு, பிறகு “அப்பாவுக்கு எல்லாம் மறந்துபோச்சு” என்று அழுவதில் பயன் இல்லை. அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு இந்த வாரமே போங்கள்.

கைத்தடியையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தடி பிடித்தால் கிழவன் என்பார்கள் என்று தடி இல்லாமல் நடந்து, ஈரக் குளியலறையில் வழுக்கி, இடுப்பெலும்பு உடைந்து, பிறகு எழுந்திருக்காமலே போனவர்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, இரவில் எரிய ஒரு சின்ன விளக்கு, சறுக்காத ஒரு செருப்பு: இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு நாள் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கீழே. கௌரவம் தடியில் போவதில்லை. படுக்கையில் கிடந்து பிறர் தூக்கிவிடக் காத்திருக்கும்போதுதான் போகிறது.

மருத்துவர்களுக்கும் வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று உளறினால் அது மூப்பு இல்லை. சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கலாம், புதிதாகச் சேர்த்த மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். அன்றே பார்த்தால் பெரும்பாலும் சரியாகும். மாதக்கணக்கில் சோர்ந்து கிடப்பவருக்குத் தைராய்டு குறைபாடோ, பி12 சத்துக் குறைபாடோ, மனச்சோர்வோ இருக்கலாம். மூன்றுக்கும் மருந்து உண்டு. இந்தியாவிலேயே முதியோர் மருத்துவத்துக்கு முன்னோடியாக நின்றது சென்னை. டாக்டர் வ.செ. நடராசன் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனிப்பிரிவை எழுப்பினார். 2024 பிப்ரவரியில் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் திறக்கப்பட்டது. இவ்வளவும் வைத்துக்கொண்டு “வயசானா அப்படித்தான்” என்று ஒரு மருத்துவர் சொல்வது, பரிசோதனை செய்யாமல் கையெழுத்துப் போடுவதற்குச் சமம். நோயாளியின் மகனிடம் பேசிவிட்டு நோயாளியை வெளியே அனுப்பும் வழக்கத்தையும் விடுங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் அவர். அவரிடம் பேசுங்கள்.

அடுத்து வீடு. இங்கேதான் அந்தக் கேள்வி பத்திரமாக எழுதப்பட்டு முத்திரை வாங்குகிறது. “இந்த வயசுல உங்களுக்கு எதுக்குப்பா சொத்து? எங்க பேர்ல இருந்தா என்ன, உங்க பேர்ல இருந்தா என்ன?” என்று தொடங்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திர எழுத்தர் தயாராக வைத்திருக்கும் தாள்களில், காட்டிய இடத்திலெல்லாம் அப்பா கையெழுத்துப் போடுகிறார். கேமராவைப் பார்க்கச் சொல்கிறார்கள், பார்க்கிறார். கட்டைவிரலை வைக்கச் சொல்கிறார்கள், வைக்கிறார். யாரும் அவருக்குப் பத்திரத்தை முழுதாக வாசித்துக் காட்டுவதில்லை. வாசித்துக் காட்டச் சொன்னால் பிள்ளை மேல் நம்பிக்கை இல்லை என்றாகிவிடுமே என்று அவரும் கேட்பதில்லை. வீடு திரும்பும்போது அது அவர் வீடு இல்லை.

பெரியவர்களே, உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்றால் உயில் எழுதுங்கள். உங்கள் காலத்துக்குப் பிறகுதான் அது நடைமுறைக்கு வரும்; மனம் மாறினால் மாற்றி எழுதலாம். செட்டில்மெண்டாகவே எழுதிக் கொடுக்க வேண்டும் என்றால், கடைசிவரை உணவு, உறைவிடம், மருத்துவம் தந்து பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, அப்படி நிபந்தனையோடு கொடுத்த சொத்தைப் பராமரிக்காதபோது திரும்பப் பெற வழி செய்கிறது. நிபந்தனை இருந்ததை நிறுவ வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முதியோரைக் காக்க வந்த சட்டத்தை அந்த நோக்கத்தோடேயே படிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில் சொல்லி, ஒரு தாய்க்குச் சொத்தைத் திரும்பக் கொடுத்தது. நீதிமன்றம் வரை போகும் நிலை வராமல் இருக்க, அந்த ஒரு வரியை எழுதிவிடுங்கள். நல்ல பிள்ளை அதைப் பார்த்துக் கோபப்பட மாட்டான்.

கைவிடப்பட்ட பிறகும் வழி இருக்கிறது. அதே சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். வக்கீல் வைக்கத் தேவையில்லை.  மகன், மகள், வயது வந்த பேரப்பிள்ளைகள் எல்லோரும் பொறுப்பாளிகள். பிள்ளையில்லாதவர்கள், தங்கள் சொத்துக்கு வாரிசாகும் உறவினரிடம் கேட்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை தர உத்தரவிடலாம். பொறுப்பில் இருக்கும் முதியவரை எங்காவது விட்டுவிட்டுப் போனால் மூன்று மாதம் வரை சிறை. 14567 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழிகாட்டுவார்கள். இத்தனை இருந்தும் தாய்மார்கள் அந்த அலுவலகப் படி ஏறுவதில்லை. “பெத்த புள்ள மேல இந்த வயசுல கேஸா? ஊரு என்ன சொல்லும்?” என்கிறார்கள். அம்மா, ஊர் ஒரு நாள் பேசும். பசி தினம் மூன்று வேளை வரும். மானம் போக வேண்டியது சோறு கேட்பவருக்கு இல்லை, சோறு போடாதவனுக்கு. போய் மனுக் கொடுங்கள்.

உரிமையைப் பற்றி இவ்வளவு சொன்ன நான், கடமையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தக் கேள்விக்கு இன்னொரு முகம் உண்டு. அது பெரியவர்களுக்கு வசதியான முகம். “இந்த வயசுல நான் எதுக்கு மாறணும்?” மருமகள் வேலை முடிந்து எட்டு மணிக்கு வந்தால் முகம் திருப்பிக்கொள்வது, பேரனின் கல்யாணத்தில் சாதி பார்ப்பது, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்குத் தனி டம்ளர் வைப்பது. கேட்டால், “நான் பழைய ஆளு, என்னை மாத்த முடியாது” என்று வயதையே கேடயமாகத் தூக்குகிறார்கள். கண் அறுவைக்கும் கல்விக்கும் வயது தடையில்லை என்று வாதாடும் நாம், மனம் திருந்துவதற்கு மட்டும் வயது தடை என்று சொல்ல முடியாது. மன்னிப்புக் கேட்க வேண்டியவரிடம் இன்றைக்கே கேளுங்கள். முப்பது ஆண்டாகப் பேசாத தம்பிக்குப் போன் செய்யுங்கள். மருமகளுக்கு ஒரு டீ போட்டுக் கொடுங்கள். மரியாதை வயதுக்குத் தானாக வந்துவிடுவதில்லை, நடத்தைக்கு வருகிறது. மூத்தவர் என்ற பேருக்கு விலை அதுதான்.

கற்றுக்கொள்ளவும் செய்யவும் காலம் தாண்டிவிட்டது என்று நினைப்பவர்களுக்கு நம் மொழியே சாட்சி சொல்லும். 1855இல் பிறந்த உ.வே. சாமிநாதையர், ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ எழுதத் தொடங்கியது 1940இல். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத கரிசல்காட்டு விவசாயி கி. ராஜநாராயணன், மற்றவர்கள் ஓய்வு பெறும் வயதில்தான் புதுவைப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். தொண்ணூற்றைக் கடந்தும் எழுதினார். கோவை மாவட்டம் தேக்கம்பட்டியில் நூறு வயதைத் தாண்டியும் தன் காட்டில் இறங்கி வேலை பார்த்த பாப்பம்மாளுக்கு 2021இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

ஆனால் இந்த உதாரணங்களைத் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. ஓடியாடுபவர்தான் நல்ல முதியவர், படுத்துக் கிடப்பவர் சுமை என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது. அந்த முடிவு எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு பெயர் இருக்கிறது: தலைக்கூத்தல். விருதுநகரையும் அதைச் சுற்றியுள்ள தென்மாவட்டங்களையும் சேர்ந்த சில ஊர்களில், படுக்கையில் விழுந்த முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துச் சாகடிப்பது நடந்திருக்கிறது. 2010 வாக்கில் பத்திரிகைகளில் விரிவாக வந்தது. 2018ஆம் ஆண்டுக்கான தேசிய விருதில் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வான ‘பாரம்’ இதைப் பற்றியதுதான். சட்டத்தின் கண்ணில் அது கொலை. செய்தவர்கள் அதைக் கருணை என்று நினைத்துச் செய்தார்கள். சொந்தக்காரர்களை வரவழைத்து, எல்லோரும் கூடி, “இவ்வளவு வயசாயிடுச்சு, இனிமே இருந்து எதுக்கு?” என்று கேட்டுக்கொண்டு செய்தார்கள். புரை அறுவையை வேண்டாம் என்ற இடத்தில் கேட்ட கேள்விதான் இது. அங்கே கண்ணைக் கேட்டது. இங்கே உயிரைக் கேட்டிருக்கிறது. இடையில் தடுப்பு எதுவும் இல்லை. ஒரு மனிதருக்குச் செலவு செய்யாமல் விட அவர் வயதே போதுமான காரணம் என்று ஒருமுறை ஒத்துக்கொண்டால், எந்த இடத்தில் நிறுத்துவது என்று யாருக்கும் தெரியாது.

படுத்த படுக்கையாகக் கிடப்பவரை வைத்துப் பார்ப்பது எத்தனை கடினம் என்று பார்ப்பவருக்குத்தான் தெரியும். துணி மாற்ற வேண்டும், புண் வராமல் புரட்டிப் போட வேண்டும், கூலி வேலைக்கும் போக வேண்டும். அந்தப் பாரத்தைத் தனியாகத் தூக்காதீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுக்கையில் இருப்பவருக்கு இயன்முறை சிகிச்சையும் வலிதணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வந்து செய்கிறார்கள். ஊர் செவிலியரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களே, அந்த வீட்டில் போய் இரண்டு மணி நேரம் உட்காருங்கள். அந்த மகளோ மருமகளோ ஒரு தூக்கம் தூங்கி எழட்டும். அண்ணன் தம்பிகளே, அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் தங்கைக்கு அறிவுரை அனுப்பாதீர்கள்; பணம் அனுப்புங்கள், லீவு போட்டுவிட்டு வந்து ஒரு மாதம் நீங்கள் பாருங்கள்.

இளையவர்களே, உங்களிடம் கேட்பது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பெற்றவர்களை நன்றாக வைத்திருப்பவர்கள்கூட ஒரு தவறைச் செய்கிறோம்: அவர்களுக்காக நாமே முடிவெடுத்துவிடுகிறோம். எந்த டாக்டர், எந்த ஊரில் வாசம், யார் வீட்டில் எத்தனை மாதம், என்ன சாப்பாடு, எந்த டிவி சேனல் வரை. அப்பாவை ஹாலில் வைத்துக்கொண்டே “அவரை யாரு பாத்துக்குறது?” என்று பேசுகிறோம். ஏடிஎம் அட்டை நம் பையில், அவர் பென்ஷன் நம் கணக்கில். பாசத்தோடு செய்தாலும் ஒரு மனிதரை உயிரோடு இருக்கும்போதே விலக்கிவைப்பது அது. அட்டையைத் திருப்பிக் கொடுங்கள். போனில் பணம் அனுப்பக் கற்றுக்கொடுங்கள், ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாது என்பதையும் சேர்த்து. எத்தனை முறை கேட்டாலும் எரிச்சல்படாமல் கற்றுக்கொடுங்கள். அம்மா தனியாக ராமேஸ்வரம் போய்வர ஆசைப்பட்டால், ஆபத்தை எடுத்துச் சொல்லுங்கள், டிக்கெட் போட்டுக் கொடுங்கள், முடிவை அவரிடம் விடுங்கள். துணையை இழந்த அப்பா இன்னொரு துணை தேடினால், “இந்த வயசுல கல்யாணமா?” என்று வீட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். சொத்துக் கணக்கைத்தான் அந்தக் கேள்விக்குள் மறைத்துவைத்திருக்கிறோம் என்பது நமக்கே தெரியும்.

அரசுகளும் இதே கேள்வியைக் கேட்கின்றன, வேறு பாஷையில். ரயிலில் 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதமும் 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதமும் கட்டணச் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி நிறுத்தினார்கள். கொரோனா போய் ஆண்டுகள் ஆன பிறகும் சலுகை திரும்பவில்லை. வயதானவர்கள் எதற்குப் பயணம் போக வேண்டும் என்ற எண்ணம் இல்லாமல் இது நீடித்திருக்க முடியாது. முதியோர் உதவித்தொகையை நம்பி வாழும் ஒரு பாட்டி, மாதம் 1,200 ரூபாயில் என்ன சாப்பிட்டு என்ன மருந்து வாங்குவார் என்று கேட்கவும் ஆள் வேண்டும். கேட்க வேண்டியவர்கள் யார்? மூத்த குடிமக்கள்தான். ஓட்டுப் போட அவர்கள் தவறாமல் வருகிறார்கள். கேள்வி கேட்க மட்டும் வருவதில்லை. மூத்த குடிமகன் என்று கூப்பிட்டால் முகம் சுளிக்காதீர்கள். அந்தப் பேரை உரிமையோடு எடுத்துக்கொண்டு, கூட்டமாகச் சேர்ந்து கேளுங்கள்.

அதற்கு நாள்கூடக் குறித்துவிடலாம். அக்டோபர் 1 உலக முதியோர் தினம். அன்று மேடை போட்டுச் சால்வை போர்த்துவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. மறுநாள் அக்டோபர் 2, ஊர்தோறும் கிராமசபை கூடும் நாள். அங்கே போங்கள். பஸ் நிறுத்தத்தில் உட்கார ஒரு பெஞ்ச், சுகாதார நிலையத்தில் படிக்குப் பதில் ஒரு சாய்தளம், ரேஷன் கடையில் முதியோருக்குத் தனி வரிசை, உதவித்தொகைக்கு மனுப்போட்டுக் காத்திருப்பவர்களின் பட்டியல்: நான்கையும் எழுதிக்கொண்டு போய், எழுந்து நின்று, தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நகரத்தில் இருப்பவர்கள் உங்கள் கவுன்சிலரிடம் போங்கள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வண்டியில் கூட்டிப்போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். பேச வேண்டியதை அவர்களே பேசட்டும். தீர்மானப் புத்தகத்தில் அவர்கள் கையெழுத்துப் போட்ட பிறகு வீட்டுக்கு வாருங்கள்.